எட்டு எறும்பும் ஏழு பிடியும்

ஓடைக்கரை மாமரத்தில் முசுறு எறும்புகள் இலைக்கூடு கட்டி வாழ்ந்தன. வெள்ளம் வேரை அரித்துவிட்டதால் மரம் சாயத் தொடங்கியது. கூட்டுக்குள் முந்நூறு முட்டைகள்! மரம் விழுவதற்குள் அத்தனையையும் எதிரே நின்ற புன்னை மரத்துக்குக் கொண்டு போயாக வேண்டும்.

எட்டு எறும்புகள் மாமரக் கிளையிலிருந்து ஒன்றின் காலை ஒன்று பற்றித் தொங்கின. காற்றில் கிளைகள் நெருங்கியதும் எட்டாவது எறும்பு புன்னை இலையைக் கவ்விக்கொண்டது. பாலம் தயார்!

பாலத்தைச் சோதிக்கும் பொறுப்பு சுறுக்கிக்கு. அவள் வேலையில் கெட்டிக்காரி. அதைத் தன் வாயாலேயே சொல்லிக்கொள்வதில் இன்னும் கெட்டிக்காரி.

"ஒண்ணும் ரெண்டும்! இறுக்கிப் புடிச்சாச்சா?"

"ஆச்சு!"

"மூணும் நாலும்!"

"ஆச்சு!"

"அஞ்சும் ஆறும்! ஏழும் எட்டும்!"

"ஆச்சு, ஆச்சு!"

சுறுக்கிக்குப் பெருமை தாங்கவில்லை. "எட்டுப் பேர், நாலு ஜோடி. யாரும் விட்டுப்போகல! முட்டையைத் தூக்குங்கடி!"

முதல் முட்டையைத் தூக்க வந்த நெட்டை தயங்கினாள். "அக்கா, ரெண்டையும் மூணையும் சேர்த்து நீ கேக்கவே இல்லையே?"

"ரெண்டுக்குத்தான் ஒண்ணு ஜோடியா இருக்காளே! ஒருத்திக்கு எத்தனை ஜோடிடி வேணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நெட்டையும் சிரித்துவிட்டுப் பாலத்தில் ஏறினாள். முதலாமவளைத் தாண்டினாள். இரண்டாமவளைத் தாண்டி, மூன்றாமவள் மேல் காலை வைத்தாள்.

படக்!

பாலம் இரண்டாக அறுந்தது. நெட்டை முட்டையோடு ஓடையில் விழுந்தாள். கலங்கிய வெள்ளம் ஒரு சுழி சுழித்தது. அவ்வளவுதான், ஆளைக் காணோம்!

"நெட்டே! நெட்டே!" என்று சுறுக்கி அலறினாள்.

"மூணு இறுக்கிக்குவான்னு நான் ஒத்தை நகத்தாலதான் தொட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள் இரண்டாமவள்.

"ரெண்டு புடிச்சிருப்பான்னு நான் சும்மா இருந்தேன்!" என்று அழுதாள் மூன்றாமவள்.

சுறுக்கி பிடிகளை எண்ணிப் பார்த்தாள். எட்டுப் பேருக்கு நடுவே ஏழு பிடி இருந்தது. அவள் பார்த்தது நாலே நாலு! யாரையும் விடவில்லை என்று பீற்றிக்கொண்டவள் மூன்று பிடியை விட்டிருந்தாள்.

மரம் மறுபடி சரிந்தது. அழ நேரமில்லை. கிளைகள் திரும்ப நெருங்கியபோது இரண்டாமவள் எட்டி மூன்றாமவளைப் பற்றினாள். சுறுக்கி முதலிலிருந்து கேட்டாள்.

"ஒண்ணும் ரெண்டும்! ரெண்டும் மூணும்! மூணும் நாலும்!" ஒவ்வொரு பிடியையும் இழுத்து இழுத்துப் பார்த்தபடி, "ஏழும் எட்டும்!" வரை போனாள். பிறகு முதல் முட்டையைத் தானே தூக்கிக்கொண்டு பாலத்தில் நடந்தாள்.

கடைசி முட்டையும் போய்ச் சேர்ந்ததும் மாமரம் ஓடையில் விழுந்தது. "அக்கா, எல்லாத்தையும் காப்பாத்திட்டே!" என்று எறும்புகள் துள்ளின.

"எல்லாத்தையும் இல்லடி!" என்று சொன்ன சுறுக்கி, ஓடையைப் பார்த்தபடியே நின்றாள்.

சங்கிலியைச் சோதிப்பவர் ஆட்களை ஜோடி ஜோடியாக எண்ணினால் போதாது; ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு பிடியையும் பார்க்க வேண்டும்.