சிலம்பாயி ஓடிய ஓட்டம்

கரடிமலைக் காட்டில் மாசிலான் என்று ஒரு நரி இருந்தது. எந்தக் காரியமானாலும் முன்னால் நின்று நடத்துவதில் அதற்குக் கொள்ளை ஆசை.

ஒருநாள் மாசிலான் எல்லா விலங்குகளையும் சுனைக்கரைக்குக் கூப்பிட்டது.

"நாமெல்லாம் சேர்ந்து ஒரு நெடுந்தூர ஓட்டப் பந்தயம் நடத்துவோம்! காலையில் இங்கே கிளம்பி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, இதே சுனைக்கு வந்து சேர வேண்டும். கால் இருக்கிற யாரும் ஓடலாம்!"

பாம்பு மட்டும் முகம் சுளித்துக்கொண்டு புற்றுக்குள் போய்விட்டது. மற்ற எல்லோருக்கும் ஒரே குஷி. புள்ளிமான் பெயர் கொடுத்தது. காட்டு முயல் பெயர் கொடுத்தது. கீரி கொடுத்தது. கடைசியில் சிலம்பாயி என்ற முள்ளம்பன்றியும் முன்னால் வந்தது.

குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன. "அக்கா, குட்டைக் காலை வைத்துக்கொண்டு நீ மானை முந்தப் போகிறாயா?"

"மானை ஏன் முந்த வேண்டும்? மலைக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேனே!" என்றது சிலம்பாயி.

மாசிலான் வேலையில் இறங்கியது. குறை சொல்ல முடியாது, நன்றாகவே செய்தது. காட்டுப்பன்றிகளிடம் சொல்லி வழியிலிருந்த முட்புதர்களைக் களையச் செய்தது. தண்ணீர் இருக்கும் இடங்களை எல்லோருக்கும் காட்டி வைத்தது.

வழியில் ஓர் அத்திமரம். அங்கே பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் போனால் மலையைச் சுற்றி வரலாம். வலப்பக்கம் போனால் சேற்றுப் பள்ளம். மேலே பச்சைப் புல் விரித்தாற்போல் இருக்கும். கால் வைத்தால் உள்ளே இழுத்துவிடும்.

அந்த மரத்தில் செம்போத்துப் பறவையை உட்கார வைத்தது மாசிலான்.

"ஓடி வருகிறவர்களுக்கு இடப்பக்கம் என்று சொல்ல வேண்டும். கடைசி ஆள் தாண்டிப் போகும்வரை நீ இங்கிருந்து அசையக் கூடாது!"

"சரி அண்ணா!" என்றது செம்போத்து.

பந்தய நாள் வந்தது. கிழக்கு வெளுத்ததும் எல்லோரும் கிளம்பினார்கள். மான் காற்றாய்ப் பறந்தது. முயல் அதன் பின்னாலேயே போனது. சிலம்பாயி மூச்சு வாங்க மெதுவாக ஓடியது. நல்ல காட்சி கண்ணில் பட்டால் நின்று பார்த்தது. பிறகு மறுபடி ஓடியது.

பரிசு கொடுக்க யானைக் கூட்டத்தின் தலைவியை அழைத்திருந்தார்கள். தலைவி கிளம்பிவிட்டாள் என்று குரங்கு வந்து சொன்னதும் மாசிலானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுனைக்கரையைச் சுற்றிப் பார்த்தது. அங்கே நாலைந்து குரங்குகள்தான் நின்றன.

'இவ்வளவு பெரிய பந்தயம் நடத்திவிட்டு, ஆளே இல்லாமல் இருந்தால் தலைவி என்ன நினைப்பாள்?'

அது அத்திமரத்துக்கு ஓடியது. "செம்போத்து, இறங்கி வா! தலைவி வருகிறாள். ஆரவாரம் செய்ய ஆள் போதவில்லை!"

"ஐயோ அண்ணா, சிலம்பாயி அக்கா இன்னும் வரவில்லையே!"

"அவளா! பாதி வழியிலேயே வீட்டுக்குத் திரும்பியிருப்பாள். நீ வா!"

செம்போத்துக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் எதிர்த்துப் பேசத் துணிவும் வரவில்லை. பறந்து போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்துச் சிலம்பாயி அத்திமரத்தடிக்கு வந்தது. மேலே பார்த்தது. யாரும் இல்லை.

"எந்தப் பக்கம் போவது?" என்று கேட்டது. பதில் சொல்ல ஆளில்லை. வலப்பக்கம் புல் பச்சையாக, இதமாகத் தெரிந்தது. சிலம்பாயி அந்தப் பக்கம் திரும்பியது.

இங்கே சுனைக்கரையில் ஒரே கொண்டாட்டம். மான் முதலில் வந்தது. முயல் வந்தது. கீரியும் வந்தது. காட்டுப்பூ மாலையைத் துதிக்கையில் எடுத்த யானைத் தலைவி, மாசிலானைப் பார்த்துக் கேட்டாள்.

"எல்லோரும் வந்துவிட்டார்களா?"

"வந்துவிட்டார்கள் அம்மா! ஒருவர் பாக்கி இல்லை!"

கூட்டத்தின் ஓரத்தில் இரண்டு முள்ளம்பன்றிக் குட்டிகள் நின்றிருந்தன. "அப்படியானால் எங்கள் அம்மா எங்கே?" என்றது ஒரு குட்டி.

எல்லோரும் குட்டிகளின் பக்கம் திரும்பினார்கள்.

"வீட்டில் இருப்பாள், போய்ப் பாருங்கள்" என்றது நரி.

"வீட்டிலிருந்துதானே வருகிறோம்! அங்கே இல்லையே!"

செம்போத்து தலைவியின் முன்னால் பறந்து வந்தது. "அம்மா, மன்னித்துவிடுங்கள்! அக்கா அத்திமரத்தைத் தாண்டவே இல்லை. அதற்கு முன்பே நான் மரத்தை விட்டு வந்துவிட்டேன்!"

"ஏன் வந்தாய்?"

செம்போத்து நரியைப் பார்த்தது. நரி தரையைப் பார்த்தது.

யானைத் தலைவி மாலையைக் கீழே வைத்தாள். "பேச நேரமில்லை. சேற்றுப் பள்ளத்துக்கு நடங்கள்!"

செம்போத்து முன்னால் பறந்தது. பள்ளத்தின் மேல் வட்டமிட்டுக் கூவியது. எங்கும் பச்சைப் புல்தான். கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அப்போது கலகலவென்று மெல்லிய சத்தம் கேட்டது. முட்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம்!

"இதோ இருக்கிறாள்! உயிரோடு இருக்கிறாள்!"

சிலம்பாயி முதுகுவரை சேற்றில் புதைந்திருந்தது. தலையும் சிலிர்த்த முட்களும்தான் வெளியே தெரிந்தன. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

யானைத் தலைவி கரையில் காலை ஊன்றித் துதிக்கையை நீட்டினாள். எட்டவில்லை. இன்னும் ஓர் அடி வைத்தால் அவளே சறுக்கி உள்ளே போய்விடுவாள்.

கீரி அவசரமாக நீளக் கொடி ஒன்றைக் கடித்து இழுத்து வந்தது. மான் ஒரு நுனியை எடுத்து வீசிப் பார்த்தது. கொடி பாதியிலேயே விழுந்தது. யாராவது அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும்.

"நான் போகிறேன்" என்றது மாசிலான்.

யானை ஒரு காய்ந்த மரத்தைச் சேற்றின் மேல் சாய்த்தாள். நரி கொடியை வாயில் கவ்விக்கொண்டு, அந்த மரத்தின் மேல் வயிற்றால் ஊர்ந்து போனது. மரம் முனகியது. சேறு கொப்பளித்தது. நரியைக் கண்டதும் சிலம்பாயியின் முட்கள் இன்னும் விறைத்தன. இரண்டு முட்கள் நரியின் மூக்கில் ஏறின. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆனாலும் அது பின்வாங்கவில்லை.

கொடியைச் சிலம்பாயியின் வாயருகே வைத்துவிட்டுச் சொன்னது: "அக்கா, தப்பெல்லாம் என்மேல்தான். பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. இப்போது இதைக் கெட்டியாகக் கடித்துக்கொள்!"

மரக்கட்டையையே கடித்துத் தின்னும் பல் அல்லவா அது! சிலம்பாயி கொடியைக் கவ்வியது. கரையில் யானை இழுத்தாள். மான் இழுத்தது. காட்டுப்பன்றிகள் இழுத்தன. சேறு விட மறுத்தது. மறுபடி இழுத்தார்கள். பொளக்கென்று ஒரு சத்தம்! சிலம்பாயி சேற்றை உதறிக்கொண்டு கரையில் வந்து விழுந்தது.

எல்லோருக்கும் அப்போதுதான் மூச்சே வந்தது. குட்டிகள் இரண்டும் சேறு என்றுகூடப் பார்க்காமல் அம்மாவின் மூக்கோடு மூக்கை உரசின. செம்போத்து ஒரு கிளையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதது. யானைத் தலைவி நீரள்ளி வந்து சிலம்பாயியைக் கழுவிவிட்டாள்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் சிலம்பாயி எழுந்தது. "நான் இன்னும் ஓடி முடிக்கவில்லையே! மலைக்கு அந்தப் பக்கம் எந்த வழி?"

கூட்டம் முழுவதும் சிரித்துவிட்டது.

"ஓட வேண்டாம் அக்கா, மெதுவாக நட. நானும் கூடவே வருகிறேன்" என்றது மாசிலான், வீங்கிய மூக்கைத் தடவிக்கொண்டு.

"வா. ஆனால் எனக்குப் பின்னால் வா. நீதான் கடைசி ஆளாக வர வேண்டும்!"

யானைத் தலைவி சுனைக்கரையில் காத்திருந்தாள். மானும் முயலும் கீரியும் பரிசு கேட்கவில்லை. அவையும் காத்திருந்தன. வெயில் சாய்ந்தபோது சிலம்பாயி மலையைச் சுற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கத்தில் ஓர் அருவி இருக்கிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது. அதன் பின்னால் கடைசி ஆளாக மாசிலான் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் யானைத் தலைவி மாலையைத் துதிக்கையில் எடுத்தாள்.

பலரைச் சேர்த்து ஒரு காரியத்தை நடத்துகிறவர், கடைசி ஆளும் பத்திரமாக வந்து சேரும்வரை தம் பொறுப்பை விட்டு நகரக் கூடாது.