சிறப்பு விருந்தினர் பேட்ஜ்

ஜெர்மனியில் விமான இறக்கைகளைப் பற்றிப் பாடம் நடத்தும் பேராசிரியர் சகாயமேரி, நெல்லைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பேச வந்தார். வயது முப்பத்தைந்துதான். வாசலில் காத்திருந்தவர்கள் அவரை விட்டுவிட்டு, பின்னால் பெட்டியைத் தூக்கி வந்த நரைமுடிக்காரருக்குச் சால்வையைப் போர்த்திவிட்டார்கள். அவர் கார் டிரைவர். சால்வையோடு போய் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

மிச்சமிருந்த மரியாதை, ரிப்பன் தொங்கும் ஒரு பித்தளை பேட்ஜ். ‘சிறப்பு விருந்தினர்’ என்று எழுதியிருந்தது. அதைக் குத்தியதும் அதன் கனத்தில் சகாயமேரியின் புடவை ஒரு பக்கமாகச் சரிந்தது.

துறைத்தலைவர் தில்லைநாயகம் நாற்பது நிமிடம் வரவேற்றார். ‘ஆகவே, மாணவச் செல்வங்களே’ என்று ஏழு முறை முடிக்கப்போனார். ஏழு முறையும் நம்பிக் கைதட்டினார்கள்.

சகாயமேரி இருபதே நிமிடம் பேசினார். பிறகு கேள்வி நேரம். கேள்விகளை முந்தின நாளே சீட்டில் எழுதி நாலு பேரிடம் கொடுத்துவைப்பது அந்தக் கல்லூரி வழக்கம். நாலாவது சீட்டு இசக்கிராஜிடம் இருந்தது. எழுந்தான். சீட்டைப் பார்த்தான். படிக்காமல் மடித்தான்.

“நானும் இப்படி ஒரு காலேஜ்லதான் தம்பி படிச்சேன்,” என்றார் சகாயமேரி. “சீட்டு என்ன கேட்கும்னு தெரியும். நீ என்ன கேட்கணும்?”

அவன் சீட்டைப் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னான். தெர்மகோலில் ஒரு கிளைடர், எஞ்சின் இல்லாமல் மிதக்கும் குட்டி விமானம், செய்திருக்கிறான். சனிக்கிழமை கோவையில் போட்டி. எறிந்தால் மூக்கைத் தூக்குகிறது, அந்தரத்தில் நிற்கிறது, விழுகிறது. இதுவரை பதினோரு முறை. இன்னொரு முறை விழுந்தால் போட்டிப் பட்டியலில் பெயர் இருக்காது என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார்.

“விழுந்ததும் என்ன செஞ்சே?”

“எடையைக் குறைச்சேன் மேடம்.”

“எங்கே?”

“மூக்குலதான். அங்கதான் கனமா இருந்துச்சு.”

“கொண்டு வா.”

“அப்படியே பிளாக் பாக்ஸையும் எடுத்துட்டு வாலே,” என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

கிளைடரின் மூக்கு எலி கடித்ததுபோல் இருந்தது. சகாயமேரி அதன் இறக்கைகளை இரண்டு விரல்களில் ஏந்தினார். வால் தொப்பென்று தாழ்ந்தது. தன் பேட்ஜைக் கழற்றி அதன் மூக்கில் குத்தினார். மறுபடி ஏந்தினார். கிளைடர் அசையாமல் நேராக நின்றது.

தில்லைநாயகம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

“எடை கூடுதே மேடம்,” என்றான் இசக்கிராஜ்.

“ஆமா. கூடுது. எறி.”

அவன் அரங்கின் கடைசிச் சுவருக்குப் போனான். கண்ணை மூடிக்கொண்டு எறிந்தான்.

விழுந்த சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தபோது கிளைடர் ரிப்பனை ஆட்டிக்கொண்டு எல்லோர் தலைக்கும் மேலே போய்க்கொண்டிருந்தது. இருபது வரிசைகளைக் கடந்து, மெல்ல இறங்கி, எழுந்து பின்னால் திரும்பி நின்ற டிரைவரின் சால்வை மார்பில் சாய்ந்தது. அவர் அதைக் குழந்தைபோல் பிடித்துக்கொண்டார்.

அரங்கம் கூரை பிய்ந்துபோகக் கத்தியது. கத்தியவர்களில் தில்லைநாயகமும் ஒருவர். அப்புறம்தான் அவருக்குத் தான் யாரென்று ஞாபகம் வந்தது.

“சனிக்கிழமை கோவைக்குக் கிளம்பு,” என்றார் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே. “முதல்ல மேடத்தோட பேட்ஜைக் கழட்டிக் குடு.”

இசக்கிராஜ் கிளைடரை மேடைக்குக் கொண்டுவந்து ஊக்கில் கை வைத்தான். சகாயமேரி அவன் கையைப் பிடித்தார்.

“விடு தம்பி. அங்கேருந்து எடுத்தா அது விழும். இங்கே குத்தினா நான் விழுவேன்.”