பூட்டுக்காரருக்குக் கிடைத்த குகை

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. உரக்கவே சொல்கிறேன், தெருக்கோடி வரைக்கும் கேட்கட்டும். தலையில் கைவைத்தும் சொல்கிறேன். என் தலையில்தான், பயப்படாதீர்கள். பொய்யாக இருந்தால் வாயில் மிச்சமிருக்கிற பல்லும் இன்றைக்கே கொட்டிப் போகட்டும்!

திண்டுக்கல்லில் செவந்தியப்பன் என்று ஒரு பூட்டு வியாபாரி இருந்தார். அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

ஒருநாள் இரண்டுநாள் இல்லை, வருஷக்கணக்காக. அவரைக் கடித்துவிட்டுப் போன கொசுக்களும் தூக்கம் கெட்டுப் பகலெல்லாம் சுற்றின என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரணம் சந்தேகம். கடையைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, வீட்டுக்கு வருவார். சாப்பிட்ட கை காய்வதற்குள் திரும்பப் போய் இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். பூட்டு வாங்க வருகிறவனைப் பார்த்தால், இவன் தன் வீட்டைப் பூட்ட வாங்குகிறானா, அடுத்த வீட்டைத் திறந்து பழக வாங்குகிறானா என்று தோன்றும். டாக்டர் மாத்திரை கொடுத்தார், மாத்திரைமேல் சந்தேகம். மனைவி பாலில் ஜாதிக்காய் இழைத்துக் கொடுத்தாள். இவள் எதற்கு நம்மைத் தூங்கவைக்கப் பார்க்கிறாள் என்று அன்றைக்குக் கூடுதலாக விழித்திருந்தார்.

உடம்பு தேய்ந்து, ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி ஆகிவிட்டார். இப்படியே விட்டால் ஆள் தங்கமாட்டார் என்று டாக்டர் வீட்டுக்காரர்களிடம் ரகசியமாகச் சொன்னார். அது செவந்தியப்பன் காதிலும் விழுந்தது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் வெட்டவெளிச் சாமியைப் பற்றிக் கேள்விப்பட்டார். கிழக்குத் தொடர்ச்சி மலையில், வடகிழக்கே ஒதுங்கிக் கிடக்கும் ஒரு காட்டில் திரிகிறவர். எந்தக் காடு என்று கேட்காதீர்கள். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கூடாரத்தையும் பாட்டுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். சாமிக்குக் குடிசை கிடையாது, கதவு கிடையாது. அன்றன்றைக்கு ஓர் இடம் பார்த்துப் படுப்பார். படுத்தால் விடியும்வரை அசையமாட்டார். அவர் குறட்டையைக் கேட்டு யானைக்கூட்டம் ஒதுங்கிப் போனதாகப் பேச்சு. அதை மட்டும் நான் விசாரிக்கவில்லை. யானையைத்தான் கேட்க வேண்டும்.

செவந்தியப்பன் தேடிப்போய்க் காலில் விழுந்தார். சாமிக்கு வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். விழுந்தவருக்கு அறுபது தாண்டிவிட்டது. இத்தனை சின்ன ஆளா என்று விழுந்த நிலையிலேயே ஒரு சந்தேகம் வந்தது. இருந்தாலும் கேட்டார்.

“சாமி, ஒரு மனுஷன் பயமில்லாம எந்த இடத்துல தூங்கலாம்?”

“வாங்க, தேடுவோம்,” என்றார் சாமி.

நடந்தார்கள்.

சாமி இடம் தேடுகிற விதமே ஒரு மாதிரி. பொழுது சாய்வதற்கு வெகு முன்பே தடத்தை விட்டு விலகிக் காட்டுக்குள் நுழைவார். ஓடை கண்ணில் பட்டால் தண்ணீரை மொண்டுகொண்டு, அதைவிட்டுத் தள்ளி மேட்டுக்குப் போய்விடுவார். தண்ணீர் குடிக்க வருகிறவர்களுக்குக் குறுக்கே படுக்கக்கூடாது என்பார். வறண்ட ஓடையில் மெத்தை போட்டமாதிரி மணல் கிடக்கும். அதில் உட்காரக்கூட விடமாட்டார். மழை இங்கே பெய்ய வேண்டும் என்றில்லை, மேலே எங்கேயாவது பெய்தால் போதும் என்பார். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று முதலில் அண்ணாந்து பார்ப்பார். அப்புறம்தான் தரையைப் பார்ப்பார். சில மரத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

யாரிடம் தலையாட்டுகிறார்? மேலே ஆள் உட்கார்ந்திருக்கிறானா? செவந்தியப்பன் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். வெறும் துணிப்பைதான். அதற்கும் ஒரு சின்னப் பூட்டுப் போட்டிருந்தார்.

முதல் நாளே ஒரு பெரிய மருத மரத்தைக் காட்டி, இதன் அடியில் படுக்கலாம் என்றார். சாமி அண்ணாந்து பார்த்தார். மேலே ஒரு கொப்பு பட்டுப்போயிருக்கிறது, வேண்டாம் என்றார். தள்ளிப்போய்ப் படுத்தார்கள். மறுநாள் காலையில், காற்றே இல்லாத நேரத்தில், அந்தக் கொப்பு முறிந்து செவந்தியப்பன் காட்டிய இடத்திலேயே விழுந்தது.

வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டிருப்பார்கள். செவந்தியப்பன் போய், முறிந்த இடத்தில் ரம்பம் போட்ட தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்.

இன்னொன்றும் அவரை அரித்தது. சாமி போகிற இடத்திலெல்லாம் ஒரு சமதரை இருந்தது. கரிபிடித்த மூன்று கல் இருந்தது. பக்கத்துப் பாறை இடுக்கில் நனையாமல் செருகிய ஒரு சுள்ளிக் கட்டு இருந்தது. வழியே இல்லாத காட்டில் இதெல்லாம் எங்கிருந்து வரும்? முன்னாலேயே ஓர் ஆள் போய் ஏற்பாடு செய்கிறான். சந்தேகமே இல்லை. ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று ஒரு சாயங்காலம், இந்தப் பக்கம் வேண்டாம், அந்தப் பக்கம் போகலாம் என அடம்பிடித்துச் சாமியை எதிர்த்திசைக்குத் திருப்பினார். சாமியும் திரும்பினார். அங்கேயும் மூன்று கல். அங்கேயும் சுள்ளி.

அப்படியானால் இரண்டு ஆள் என்று முடிவு கட்டினார் செவந்தியப்பன்.

அடுப்பு மூட்டும்போது நேராகவே கேட்டுவிட்டார்.

“இதை யார் வெச்சது சாமி?”

“தேனெடுக்க வந்தவங்க. இங்க படுத்தவங்க போகையில வெச்சிட்டுப் போவாங்க.”

“யாருக்கு?”

“அடுத்து வர்றவங்களுக்கு.”

“யார் வருவான்னு தெரியாமயா?”

“தெரிஞ்சா எதுக்கு வைக்கணும்? கையிலயே குடுத்துரலாமே.”

அன்றைக்கு அந்தச் சுள்ளியில் காய்ச்சிய கஞ்சியைச் செவந்தியப்பன் தொடவில்லை. புகையில் எதையாவது கலந்திருந்தால்?

காலையில் கிளம்பும்போது சாமி சாம்பலைத் தூவிக் கலைப்பார். படுத்த இடத்தில் சருகைப் பரப்பி, அமுங்கிய புல்லைக் கையால் நிமிர்த்திவிடுவார். புதிதாகச் சுள்ளி பொறுக்கி இடுக்கில் செருகுவார். நாம் வந்து போனது காட்டுக்குத் தெரிய வேண்டாமே என்பார். தடயத்தை அழிக்கிறான் என்று செவந்தியப்பன் மனதுக்குள் குறித்துக்கொண்டார். நாளைக்கு நம்மைத் தேடி வீட்டார் வந்தால் ஒரு தும்பும் கிடைக்காது.

நாளுக்கு நாள் கண் குழிக்குள் போனது. நடையில் தள்ளாட்டம் வந்தது. ஓர் இறக்கத்தில் நடந்துகொண்டே சரிந்தவரைச் சாமி தோள் கொடுத்துத் தாங்கினார். தாங்கிய கை பையின் பக்கம் போகிறதா என்று அந்த மயக்கத்திலும் பார்த்தார். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று சாமி கேட்டார். ஊரில் மட்டும் என்ன தூக்கம் காத்திருக்கிறது? இன்னும் சில நாள் இப்படிப் போனால் தன்னைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று செவந்தியப்பனுக்கே தெரிந்துவிட்டது.

அன்றைக்குப் பொழுது இறங்கும் நேரத்தில் அவரே ஓர் இடம் கண்டுபிடித்தார்.

பாறைச் சரிவில் ஒரு குகை. மூன்று பக்கமும் கல், மேலேயும் கல். ஒரே வாசல், அதுவும் குனிந்து நுழைகிற அகலம். பூட்டுக்கடைக்காரருக்கு வேறென்ன வேண்டும்? உள்ளே தரைகூட யாரோ உருண்டு புரண்டு மெழுகியதுபோல வழவழப்பாக இருந்தது. மூலையில் கொஞ்சம் இலுப்பைக் கொட்டை கிடந்தது. லேசாக ஒரு வாடை.

சாமி வாசலில் நின்று மோந்து பார்த்தார்.

“இங்க குடியிருக்காங்க, பூட்டுக்காரரே. நாம வேற பார்ப்போம்.”

“ஆளைக் காணோமே சாமி?”

“வேலைக்குப் போயிருப்பாங்க.”

“எப்ப வருவாங்க?”

“விடிஞ்சா வருவாங்க.”

செவந்தியப்பனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை நாளும் நம்மைத் திறந்த வெளியிலேயே போட்டான். நாமாகப் பார்த்து ஒரு கெட்டியான இடம் பிடித்ததும், ஆள் இருக்கிறது என்கிறான். இவனுக்கு இந்த இடத்தின்மேல் கண்.

இங்கேதான் படுப்பேன் என்றார். சாமி வேண்டாம் என்று மறுபடி சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல இவர் இன்னும் உள்ளே நகர்ந்தார்.

“உள்ள வர ஒரு வழி. சரி. வெளிய போக எது?” என்று கேட்டார் சாமி.

“அதே வழிதான்.”

சாமி வாசலை விட்டு நகர்ந்தார். கூப்பிடு தூரத்தில் ஒரு கடுக்காய் மரத்தடிக்குப் போனார். அண்ணாந்து பார்த்தார். துண்டை விரித்தார்.

செவந்தியப்பன் முள்ளை வெட்டி வாசலை அடைத்தார். இழுத்துப் பார்த்தார். படுக்கப் போனவர் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தார்.

நம்பினால் நம்புங்கள், தூங்கிவிட்டார். அத்தனை வருஷத்துத் தூக்கமும் ஒரேயடியாக இறங்கியது. குறட்டை தாங்காமல் குகைக்கூரையில் இருந்த வௌவால்கள் பிள்ளைகுட்டியோடு வீட்டைக் காலி செய்துகொண்டு போயின.

விடிந்தது. வேலைக்குப் போனவர் வந்தார்.

கரடி. லேசுப்பட்ட கரடி இல்லை. எழுந்து நின்றால் இரண்டு ஆள் உயரம். சரி, அப்படிப் பார்க்காதீர்கள், ஒன்றரை ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராப்பூராவும் புற்றைக் கிளறித் தின்றுவிட்டு, கண் சொக்கி, வீட்டில் வந்து விழலாம் என்று வந்திருக்கிறது. பார்த்தால் வாசலில் முள். உள்ளே யாரோ குறட்டை விடுகிறார்கள்.

முள்ளை ஒரு கையால் ஒதுக்கியது. தலையை உள்ளே நீட்டியது.

செவந்தியப்பன் கண்ணைத் திறந்தார். ஓடப் பார்த்தார். ஓடுவதற்கு இருந்த ஒரே வழியில் கரடி நின்றது. முதுகால் பாறையைத் தள்ளிப் பார்த்தார். பாறை அவர் விரும்பியபடியே கெட்டியாக இருந்தது.

கரடி அவரை மோந்தது. பையை மோந்தது. பையில் தொங்கிய பூட்டை ரொம்ப நேரம் மோந்தது. அப்புறம் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி அவரை ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வை செவந்தியப்பனுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. கடைக்கு வருகிறவர்களை அவர் பார்க்கிற பார்வை.

கடுக்காய் மரத்தடியிலிருந்து சாமியின் குரல் வந்தது. உரக்க, ஆனால் பதறாமல்.

“தப்பா எடுத்துக்காதீங்க. வெளியூர்க்காரர். தூக்கமில்லாம கஷ்டப்பட்டவர். இப்ப எந்திரிச்சிருவார்.”

அதோடு நிறுத்தவில்லை. இந்த வருஷம் மழை எப்படி, இலுப்பை எப்படிப் பூத்தது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். கரடி பேச்சு வந்த பக்கம் காதைத் திருப்பியது. பின்னுக்கு நகர்ந்தது. ஒரு பெருமூச்சு விட்டது. அப்படியே சரிவில் இறங்கி, ஒரு வேங்கை மரத்து நிழலில் குப்புற விழுந்து, மூக்கின்மேல் கையை வைத்துத் தூங்கிவிட்டது. கரடி அப்படிச் செய்யுமா என்று கேட்காதீர்கள். செய்தது.

செவந்தியப்பன் தவழ்ந்து வெளியே வந்தார். ஊருக்கு இறங்கும் தடம் கரடிக்கு எதிர்ப்பக்கம்தான், ஓடியிருக்கலாம். ஓடவில்லை. சாமியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். கரடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று முனகினார். சொல்லியிருந்தால் நம்பியிருப்பீர்களா என்று சாமி கேட்டார். செவந்தியப்பன் தலையைச் சொறிந்தார்.

கண் மட்டும் கரடியை விட்டு நகரவில்லை. அதன் முதுகு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“சாமி.”

“ம்.”

“வீட்டைப் பறிகொடுத்துட்டு நிக்குதே.”

“படுத்திருக்கு.”

“கதவில்லாத இடத்துல. முதுகைக் காட்டிக்கிட்டு. வீட்டுல புகுந்தவன் இங்கயேதான் நிக்கிறான்.”

“யாரு?”

செவந்தியப்பன் தயங்கினார். “நான்தான்.”

சாமி தலையாட்டினார்.

“அப்படியிருந்தும் தூங்குதே சாமி. யாரை நம்பித் தூங்குது?”

சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“உங்களை நம்பித்தான்.”

செவந்தியப்பன் கரடியை இன்னொரு தரம் பார்த்தார். அப்படியே புல்லில் உட்கார்ந்தார். சாமி அமுங்கிய புல்லை நிமிர்த்தி, சருகைப் பரப்பி முடித்து, கிளம்பலாமா என்று கேட்டார். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தார். காலை வெயில் முகத்தில் அடிக்க, வாய் லேசாகப் பிளந்திருக்க, பூட்டுக்காரர் உட்கார்ந்தபடியே மெல்லிய குறட்டையோடு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். விடாமல் நச்சரித்துக் கேட்டார்களானால், கரடி சொன்னதாகச் சொல்லிவிடுங்கள்.