ஆவுளியா மீனில்ல

ஒரு கடல்ல ஒரு கூட்டம். அன்னிக்கு யார் யார் வந்தாங்கன்னு கேட்டுக்கோ. கொடுவா மீன், சங்கரா மீன், கணவாய், நட்சத்திர மீன், ஆவுளியா, அது பெத்த குட்டி. மொத்தம் ஆறு பேர். ஆவுளியான்னா கடல் பசு. கடல் புல்லு மேயும், குட்டிக்குப் பால் குடுக்கும். ம் கொட்டு.

கொடுவாதான் அங்க நாட்டாமை. வாலைச் சளார்னு அடிச்சுச் சொல்லுச்சு: "மேல வலை போடுறாங்க. இனிமே மீனாப் பொறந்தது எதுவும் மூக்கை வெளிய நீட்டக் கூடாது!"

ஆவுளியா பதறிக்கிட்டு முன்னால வந்துச்சு. "அண்ணே, மேல போகலன்னா எங்களுக்கு மூச்சே கிடையாதே!"

"தண்ணியில நீந்துறதெல்லாம் மீனுதான். மீனு மாதிரி மூச்சு விட்டுப் பழகு."

அப்போ குட்டிக்கு மூச்சு முட்டுச்சு. மேல போச்சு. சங்கரா டொக்குனு முட்டிக் கீழ தள்ளுச்சு. மறுபடி போச்சு. கணவாய் பீச்சுனு மையைப் பீச்சுச்சு, கண்ணே தெரியல. மூணாவது தடவை கொடுவாவே குறுக்க படுத்துக்குச்சு. அப்புறம் குட்டிக்குக் கண்ணு சொருகுச்சு. நீ தூங்கிட்டியா? ம் கொட்டு.

ஆவுளியாவுக்கு வந்துச்சே கோவம்! அண்ணனாவது ஒண்ணாவது! "தள்ளுடா! நீ வச்ச பேருக்கு என் புள்ள சாகணுமா?" வாலால ஒரே வீசு. கொடுவா குட்டிக்கரணம் போட்டுச்சு. குட்டியை முதுகுல ஏந்திக்கிட்டு ஆவுளியா விருட்டுனு மேல போச்சு. புஸ்ஸ்ஸ்! குட்டி மூச்சு விட்டுச்சு.

அதோட விட்டுச்சா? திரும்பக் கீழ வந்துச்சு. "நான் மீனுன்னியே, காட்டுடா என் செவுளை!"

கொடுவா சுத்திச் சுத்திப் பார்த்துச்சு. செவுளும் இல்ல, செதிலும் இல்ல.

"பால் குடுக்குற மீனை உங்க பாட்டன் பார்த்திருக்கானா?"

கொடுவா மெல்லப் பின்னால நகர்ந்துச்சு.

அப்போ கணவாய் நைசா, "எனக்குச் செவுள் இருக்கு. சந்தையில என்னையும் மீன் கூடையிலதான் போடுவாங்க"ன்னுச்சு.

"கூடையா உன்னைப் பெத்துச்சு? உனக்குள்ள நடுமுள்ளு இருக்கா?"

"ஒரு ஓடுதான் இருக்கு."

"அப்போ நீ நத்தைக்குச் சொந்தம். போ!"

நட்சத்திர மீன் மெதுவா, "எனக்கு முள்ளு இருக்கே... வெளிய"ன்னுச்சு.

"வெளிய இருந்தா? உனக்குத் தலை எது, வால் எதுன்னே தெரியல. பேருல மட்டும் மீனு!"

அதுக்கும் அப்பாடான்னு ஆச்சு. மீனில்லன்னா சட்டமும் இல்லையே! அஞ்சு கையையும் ஆட்டிக்கிட்டு அது ஊர்ந்து போச்சு. கணவாயும் போச்சு. ஆவுளியா குட்டிக்குப் பால் குடுத்துக்கிட்டே புல்லு மேயப் போச்சு.

சங்கரா கொடுவாகிட்டக் கேட்டுச்சு: "அண்ணே, இனிமே நீங்க எனக்கு மட்டுந்தான் நாட்டாமையா?"

கதை கரையேறிடுச்சு, நீ கண்ணை மூடு. வந்தது ஆறு, போனது நாலு. மிச்சம் மீனு ரெண்டு.