சிலுப்பன் அடைத்த சந்துகள்

சிலுப்பன் என்ற காட்டுப்பன்றி ஆற்றில் தலைகுப்புற விழுந்தது. காடே அதைப் பார்த்துவிட்டது!

அந்த ஆற்றின் குறுக்கே பதினோரு பெரிய கற்கள் வரிசையாகக் கிடந்தன. யார் போட்டார்களோ, எப்போது போட்டார்களோ, எந்த விலங்குக்கும் தெரியாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சாண் சந்து. கடந்துபோகிற ஒவ்வொரு விலங்கும் சந்தில் சிக்கிய ஒரு குச்சியையாவது எடுத்துப் போட்டுவிட்டுப் போகும். அது அந்தக் காட்டு வழக்கம். அப்படிக் குனிந்தபோதுதான் சிலுப்பனின் கால் மாட்டிக்கொண்டது. குரங்குகள் வயிறு குலுங்கச் சிரித்தன.

"பாதை போடத் தெரியாதவன் போட்ட பாதை!" என்று உறுமியது சிலுப்பன். கோடையில் ஆறு வற்றும்வரை வன்மத்தோடு காத்திருந்தது. பிறகு, எல்லாம் உறங்கும் நடுப்பகலில், மூக்கால் களிமண்ணைக் கிளறிப் பத்துச் சந்துகளையும் அடைத்தது.

கரையில் வளை வைத்திருந்த சாம்பலி என்ற கீரி மட்டும் அதைப் பார்த்தது.

"அண்ணே, தண்ணி போக வழி வேணாமா?"

"மேலே ஏறிப் போகட்டும்! உன் வேலையைப் பாரு!"

ஆற்றில் விழுந்த பழைய கதை கிளம்புமே என்று சிலுப்பன் இதை யாரிடமும் சொல்லவில்லை. அதன் உறுமலுக்குப் பயந்து சாம்பலியும் வாய் திறக்கவில்லை. சந்துகளில் வண்டல் படிந்து இறுகிவிட்டது என்று மற்ற விலங்குகள் நினைத்தன. குச்சி எடுக்கும் வேலையும் மிச்சம்!

மழை வந்தது. வெள்ளமும் வந்தது. போக வழியில்லாத தண்ணீர் கரை ஏறியது. சாம்பலி தன் குட்டிகளில் இரண்டைக் கவ்விக்கொண்டு வெளியே ஓடியது. மூன்றாவதை எடுக்கத் திரும்பியபோது வளை முழுவதும் தண்ணீர். மேட்டில் நின்ற சிலுப்பன் எல்லாவற்றையும் பார்த்தது. பக்கத்திலேயே யானை நின்றது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யானை அடைப்பை உடைத்திருக்கும். சிலுப்பனுக்கு வாய் வரவில்லை.

வெள்ளம் வடிந்ததும் விலங்குகள் கூடின.

"இந்தக் கிழட்டுக் கற்கள்தான் தண்ணியை மறிச்சது!"

"தள்ளிவிடுங்க, யானையண்ணே!"

யானை முதல் கல்லின் மேல் காலை வைத்தது. ஒரே ஒரு தள்ளு! கல்லோடு சிலுப்பனின் குற்றமும் ஆற்றோடு போய்விடும். சிலுப்பன் தலையைத் திருப்பியது. இரண்டு குட்டிகளை அணைத்தபடி சாம்பலி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. திட்டவில்லை, அழவுமில்லை. சிலுப்பன் யானையின் முன்னால் பாய்ந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தியது. "கல் மேல தப்பில்லை. இத்தனை வெள்ளத்திலயும் ஒரு கல்லுகூட அசையலை, பாருங்க! சந்தை அடைச்சது நான்தான்."

குரங்குகள்கூடச் சிரிக்கவில்லை.

சாம்பலி மெதுவாகக் கேட்டது: "என் கடைக்குட்டி உள்ளே இருந்தப்பவே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணே?"

சிலுப்பன் ஆற்றில் இறங்கி, சந்தை அடைத்த அதே மூக்கால் களிமண்ணைத் தோண்டி எறிந்தது. யாரும் உதவிக்கு வரவில்லை. அதுவும் கூப்பிடவில்லை. பத்தாவது சந்து திறந்ததும் தேங்கிய தண்ணீர் சலசலவென்று ஓடியது.

இப்போதும் சிலுப்பன் அந்தக் கற்களைக் கடக்கும்போது பத்துச் சந்துகளிலும் குனிந்து குச்சி எடுக்கிறது. சாம்பலியின் கரைப் பக்கம் மட்டும் அது தலை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

முன்னோர் செய்து வைத்ததன் காரணம் புரியாமல் அதில் கை வைக்காதே. வைத்துக் கெடுத்துவிட்டால், காலம் கடக்கும் முன்பே அதை ஒப்புக்கொள்.