முளைவிடாத பானை

அந்த மடம் கோத்தகிரிப் பக்கம் என்பார் சிலர். குன்னூருக்கு மேலே என்பார் வேறு சிலர். உறைபனி விழும் இடம் என்பதில் மட்டும் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மடத்துக் குளத்தில் நீலக் குவளை உண்டு. பனி அதற்கு ஆகாது. ஆகவே மார்கழி பிறக்குமுன் கிழங்குகளைத் தோண்டியெடுத்து, ஈர மணல் நிரப்பிய பானைகளில் ஒவ்வொன்றாகப் புதைத்து, மடைப்பள்ளிக்கு அடுத்த அறையில் வைத்துவிடுவார்கள். அடுப்பின் இளஞ்சூடு சுவர் வழியே அங்கு எட்டும். வெயில் திரும்பியதும் முளைவிட்டவை மீண்டும் குளத்துக்குப் போகும்.

மடத்தின் தலைவி சிவகாமவல்லி அம்மை. அவரைவிட வயதில் மூத்தவர், அவருடைய சீடர் கயிலைநாதன். சமவெளியிலிருந்து வந்தபோது ஒரே ஒரு குவளைக் கிழங்கைக் கொண்டுவந்திருந்தார். அவருடைய ஊர்க்குளத்தைத் தூர்த்துப் பேருந்து நிலையம் கட்டிவிட்டார்கள். அந்தக் குளத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

அதையும் ஒரு பானையில் புதைத்தார். புதைத்தாரே தவிர, விட்டுவைக்கவில்லை. விடிந்ததும் மணலைக் கிளறி வெளியே எடுப்பார், நகத்தால் கீறிப் பார்ப்பார், முகர்வார், மறுபடி புதைப்பார்.

"நாடி பாக்குறீங்களா ஐயா? சுக்குக் கசாயம் ஏதும் போடட்டுமா?" என்றார் மடைப்பள்ளித் துளசிங்கம்.

"உமக்கென்ன, கத்திரிக்காய் அழுகினா சந்தையில வேற வாங்கிக்குவீர்."

ஒருநாள் விரல் கிழங்குக்குள் புதைந்தது. நகம் பட்ட இடமெல்லாம் அழுகியிருந்தது. கயிலைநாதன் அம்மையிடம் ஓடினார்.

"உயிர் இருக்காம்மா?"

அம்மை அழுகலைக் கத்தியால் செதுக்கி எறிந்து, வெட்டுவாயில் கரித்தூள் தடவினார்.

"இருக்கு. இதை அதுகிட்டயே எத்தனை தடவை கேட்டீங்க?"

"தினமும்."

"ஒவ்வொரு தடவையும் தூக்கம் கலைஞ்சு பதில் சொல்லியிருக்கும், பாவம்." அம்மை எழுந்து பானைகளின் அறைக்கு நடந்தார். "அப்படித் திரும்பி நில்லுங்க."

கயிலைநாதன் சுவரைப் பார்த்து நின்றார். முதுகுக்குப் பின்னே பானைகள் தரையில் உரசி இடம் மாறும் ஓசை கேட்டது. திரும்பியபோது எல்லாப் பானைகளும் ஒன்றுபோலவே இருந்தன.

"எதுலம்மா வச்சீங்க?"

"ஏதோ ஒண்ணுல."

"அது காஞ்சு போயிட்டா?"

"எல்லாத்துக்கும் தெளிங்க."

தெளித்தார். இதுதான் என்று ஒரு பானையின் மேல் கை போகும். போன மாத்திரத்தில் பக்கத்துப் பானைதான் என்று தோன்றும். கிளறுவதென்றால் அத்தனையையும் கிளற வேண்டும். கையை இழுத்துக்கொண்டு செம்பை எடுப்பார். பனிக்காலம் முழுதும் அவர் மனம் நிலைகொள்ளவில்லை.

வெயில் திரும்பியது. பானைகள் முளைவிட்டன, ஒன்று நீங்கலாக.

கயிலைநாதன் அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு அம்மையின் முன் வந்து நின்றார்.

"இது என்னோடதாம்மா?"

"உங்களோடதா இருந்தா?"

"இன்னும் கொஞ்ச நாள் தண்ணி தெளிப்பேன்."

"இல்லேன்னா?" என்றார் அம்மை.