பாறைக் குட்டையும் இரண்டு மான்குட்டிகளும்

கோடையில் காடு காய்ந்து கிடந்தது. புள்ளிமான் கூட்டத்துக்குப் பக்கத்தில் மிஞ்சியது ஒரே ஒரு பாறைக் குட்டைதான்.

ஒருநாள் காலையில் இரண்டு குட்டிகள் வயிறு உப்பிச் சுருண்டு விழுந்தன. மான்கள் நடுங்கிப்போயின.

"நேற்று அந்தக் காட்டெருமை இதில் இறங்கிப் புரண்டதே! தண்ணீர் விஷமாகிவிட்டது!" என்று கத்தியது தலைவன் கலைமான். "எருமையை விரட்டுங்கள்! நாம் இப்போதே ஆற்றுக்குப் போகிறோம்!"

ஆற்றுக்குப் போக வெட்டவெளியைக் கடக்க வேண்டும். அங்கே செந்நாய்கள் திரிந்தன. நோயுற்ற குட்டிகளால் ஓட முடியாது.

மான்களின் முதுகில் உண்ணி பொறுக்கும் மைனா பதறிப் பறந்து வந்தது. "தலைவரே, கொஞ்சம் பொறுங்கள்! இந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் எத்தனை பேர்?"

"முப்பது பேரும்தான்!"

"விழுந்தது இரண்டு பேர். எருமை வருவதற்கு முன்னால் யாரும் விழவில்லையா?"

"நீ எருமை முதுகிலும் உட்காருகிறவள்! அதற்காகப் பேசுகிறாய்!" என்று சீறியது கலைமான்.

"என்னை நம்ப வேண்டாம். புள்ளியைக் கேளுங்கள்."

புள்ளி, விழுந்த குட்டி ஒன்றின் தாய். அது குட்டியை நக்கியபடியே யோசித்தது. "போன வாரமும் இரண்டு விழுந்தன. அதற்கு முந்தின வாரம் மூன்று. அப்போது எருமை இந்தப் பக்கமே வரவில்லை."

"ஆற்றோரக் கூட்டத்திலும் முப்பது மான்கள்தான்" என்றது மைனா. "அங்கேயும் வாரத்துக்கு இரண்டு, மூன்று குட்டிகள் இப்படித்தான் விழுகின்றன. உங்களுக்குச் சந்தேகமென்றால் ஆற்றிலிருந்து வரும் கொக்குகளைக் கேளுங்கள்!"

கொக்குகளும் அதையே சொல்லின.

"அப்படியானால் இந்தத் தண்ணீர் நல்லதுதானே?" என்றது கலைமான்.

"அது எனக்குத் தெரியாது! கெட்டது என்று சொல்ல இது போதாது, அவ்வளவுதான். நாளை பத்துப் பேர் விழுந்தால் முதலில் ஓடச் சொல்வது நான்தான்."

"தப்பாகிவிட்டால்?" என்று கேட்டது புள்ளி.

மைனா பறந்து போய் அதன் குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

மான்கள் போகவில்லை. ஆனால் அன்று யாரும் நிம்மதியாக மேயவில்லை. யாராவது இருமினால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு மடக்கையும் பயந்து பயந்துதான் விழுங்கினார்கள்.

மறுநாள் புதிதாக யாரும் விழவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் இரண்டு குட்டிகளும் கால் தள்ளாட எழுந்து நின்றன.

கூட்டம் விரட்டிவிட்டதால் மூன்று நாளாகத் தண்ணீரில்லாமல் தூரத்து மரத்தடியில் நின்றது எருமை. கலைமான் அதனிடம் தலை குனிந்து போனது. "வா, வந்து குடி" என்று வழி விட்டது.

ஒன்றிரண்டைக் கண்டு மிரண்டு பழி சுமத்தாமல், மற்ற நாளையும் மற்ற இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஆதாரம் போதாதபோது பொறுத்திருப்பதே அறிவு.